சினை மீனுக்கு 61 நாள் லீவு

மீன் மார்க்கெட்டுக்குப் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருக்கிறதா என்று சோதிக்கிறவர்கள் ஒரு ரகம். வயிற்றை லேசாக அழுத்திப் பார்த்து, ‘சினை இருக்குதாம்மா?’ என்று கேட்கிறவர்கள் இன்னொரு ரகம். விழுப்புரமோ திண்டிவனமோ, இந்த இரண்டாவது ரகத்தைக் கண்டால் மீன்காரம்மாவின் முகம் மலர்ந்துவிடும். ருசி தெரிந்த ஆசாமி. ரொம்ப பேரம் பேசமாட்டார். சினையைத் தனியே எடுத்து மிளகுத்தூள் தூவி வறுத்துச் சாப்பிட்டவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

இந்த விஷயத்தில் அரசாங்கத்துக்கும் நம் நாக்குக்கும் நேர் எதிர் கட்சி. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15-ம் தேதி தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட வேண்டும். ஜூன் 14 வரை கடலுக்குப் போகக் கூடாது. மொத்தம் 61 நாள். காரணம் கேட்டால், ‘மீன்களின் இனப்பெருக்கக் காலம்’ என்று பதில் வரும். சினையோடு இருக்கிற தாய் மீனைப் பிடித்தால், ஒரு மீனோடு போகாது, லட்சம் குஞ்சுகளும் சேர்ந்து போய்விடும். நியாயமான பேச்சுதான்.

ஆனால் கடலில் இருப்பது ஒரு மீனா, இரண்டு மீனா? வஞ்சிரம், வவ்வால், சங்கரா, மத்தி, நெத்திலி, பாறை, இறால் என்று பெரிய ஜனக்கூட்டம். எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி தமிழ் வருஷப்பிறப்புக்கு மறுநாள் கர்ப்பமாகி, ஜூன் 14-ம் தேதி ராத்திரிக்குள் பிரசவத்தை முடித்துக்கொள்வார்களா? வெப்பக் கடல் மீன்களில் பலவும் வருஷத்தில் பல மாதங்கள் முட்டையிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு உச்ச சீசன் உண்டு, அவ்வளவுதான். அப்படியானால் இந்தத் தேதியைக் குறித்துக் கொடுத்தது யார்? அந்தக் கதை கொஞ்சம் பழசு. அதற்கு முன்னால் நம் வட்டார மீன் ஒன்றை அறிமுகப்படுத்தி விடுகிறேன்.

கொடுவா. நம் கதையின் ஹீரோ. சரியாகச் சொன்னால் முதலில் ஹீரோ, பிறகு ஹீரோயின். அவசரப்படாதீர்கள், சொல்கிறேன்.

பாஸ் என்கிற பெயரில் ஐரோப்பியர்களுக்கு ஒரு கடல் மீன் உண்டு. அமெரிக்கர்களுக்கு ஏரி மீன் உண்டு. ஆசியாவின் பாஸ், நம்முடைய கொடுவா. பாரசீக வளைகுடாவில் ஆரம்பித்து ஆஸ்திரேலியாவின் வடகோடி வரை அதன் ராஜ்ஜியம். அங்கே பாரமுண்டி என்பார்கள். தூண்டில்காரர்களுக்கு அது கிட்டத்தட்ட குலதெய்வம்.

கொடுவா முட்டையிடுவது கடலோரத்தில், கழிமுகத்தை ஒட்டிய உப்புத் தண்ணீரில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பொழுது சாய்கிற நேரத்தில், கடல் ஏறிவருகிற சமயம் பார்த்து முட்டையை விடும். முட்டை மிதக்கும். ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். ஏறுகிற தண்ணீர் அந்தத் துளியூண்டு குஞ்சுகளை அள்ளிக்கொண்டு முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே சேறு, கோரை, சின்ன இறால், ஆழமில்லாத தண்ணீர். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. இரண்டு மூன்று வருஷம் அங்கேயே வளர்ந்து, பிறகு கல்யாணத்துக்காகக் கடலுக்குத் திரும்பும்.

இதில்தான் அந்த வேடிக்கை. கொடுவாக்கள் ஏறக்குறைய எல்லாமே முதலில் ஆண்தான். சில வருஷம் ஆணாகக் குடும்பம் நடத்திவிட்டு, உடம்பு பெருத்ததும் பெண்ணாக மாறிவிடும். இந்த மாற்றத்தை 1979-ல் மூர் என்கிற விஞ்ஞானி விளக்கமாக எழுதினார். ஆக, பெரிய கொடுவா என்றால் அநேகமாகப் பெண். பெரிய பெண் என்றால் சினையும் பெரிசு. லட்சக்கணக்கில் முட்டை. உடம்பு ரொம்பப் பெரிதாக இருந்தால் கோடியைக்கூடத் தாண்டும். மார்க்கெட்டில் எல்லாரும் மொய்க்கிற அந்தப் பத்து கிலோ மீன்தான் அடுத்த தலைமுறைக்கு முதலீடு. காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், வட்டியை விட்டுவிட்டு அசலைச் சாப்பிடுகிறோம்.

நம் வட்டாரத்தில் கொடுவாக் குஞ்சுக்குத் தொட்டில் எது? திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் ரோட்டைப் பிடித்துப் போனால், கடலுக்கு இந்தப் பக்கம் கழுவெளி என்று ஒரு பெரிய நீர்ப்பரப்பு. தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிசு என்று சொல்வார்கள். மழைக்காலத்தில் ஊர் ஊராக ஏரித் தண்ணீர் வடிந்து அதில் வந்து சேரும். வடகிழக்கு மூலையில் ஒரு ஓடை கிளம்பி, எடையன்திட்டு கழிமுகத்தில் கடலைத் தொடும். அந்த வாய் திறந்திருக்கும் வரைதான் கடல் மீனுக்கு உள்ளே வழி. 2021-ல் இந்தக் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவைகள் எதற்காக அங்கே வருகின்றன என்று நினைக்கிறீர்கள்? மீனுக்காகத்தான்.

இந்தக் கரைக்கு இலக்கிய சர்டிபிகேட்டும் உண்டு. திண்டிவனம் பக்கம் அந்தக் காலத்தில் ஓய்மாநாடு. நல்லியக்கோடன் என்கிற குறுநில மன்னர் ஆண்டார். திண்டிவனத்தில் இருக்கிற கிடங்கில்தான் அவருடைய ஊர். நல்லூர் நத்தத்தனார் அவர்மீது பாடிய சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்று ஒரு துறை வருகிறது. அது இன்றைய மரக்காணம்தான் என்பது பல ஆராய்ச்சியாளர்களின் கணக்கு. பாணன் அங்கே போனால் பரதவர்கள் கள்ளைக் கொடுத்து, சுட்ட கருவாட்டோடு விருந்து வைப்பார்களாம். அது குழல் மீன் கருவாடு. தொட்டுக்கொள்ள மீன் இல்லாமல் நெய்தல் நிலத்தில் விருந்தே கிடையாது.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

மீனின் சினைக் காலத்தைப் பற்றி இந்தியாவில் அரசாங்கத்தைக் கவலைப்பட வைத்தவர் மீனவர் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. அணை கட்டிய இன்ஜினீயர். சர் ஆர்தர் காட்டன்! 1836-ல் கொள்ளிடத்தில் கீழணையைக் கட்டியவர், பிறகு கோதாவரியையும் மறித்தவர். ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து, 1867-ல் மனுஷருக்கு ஒரு உறுத்தல். ஆற்றின் குறுக்கே நாம் கட்டிய சுவர்களால் கடலோர மீன்வளம் கெட்டுப்போகிறதோ என்று இந்திய அமைச்சருக்கு எழுதிப் போட்டார். அவர் பயம் வீண் பயம் இல்லை. உல்லம் என்கிற மீன் முட்டையிடுவதற்காகவே கடலிலிருந்து ஆற்றில் ஏறும். வங்காளிகளின் ஹில்சா இதுதான். கொள்ளிடத்தில் ஏறி வருகிற உல்லம், கீழணையில் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடும். நிற்கிற மீனை அள்ளுவதற்கு வலைகூடத் தேவையில்லை, கூடை போதும். கொடுவாவுக்கு நேர் எதிர் ஜாதகம் இது. அது முட்டைக்குக் கடலுக்குப் போகும், இது ஆற்றுக்கு வரும். வழியை அடைத்தால் இரண்டுக்கும் கதி ஒன்றுதான்.

விசாரிக்கச் சொல்லி அரசாங்கம் அனுப்பியது ஒரு டாக்டரை. பிரான்சிஸ் டே. 1852 முதல் சென்னை ராஜதானியில் ராணுவ மருத்துவர். ஊசி போட்ட நேரம் போக மீன் பொறுக்குவதுதான் பொழுதுபோக்கு. பிறகு அதுவே உத்தியோகமாகி, இந்தியா முழுமைக்கும் மீன்வள இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். இந்திய மீன்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகத்தை இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டுகிறார்கள்.

டே என்ன செய்தார்? கலெக்டர் முதல் தாசில்தார் வரை எல்லாருக்கும் கேள்விகள் போனது. உங்கள் ஊரில் மீன் குறைந்திருக்கிறதா, குஞ்சைப் பிடிக்கிறார்களா, வலைக் கண்ணி எவ்வளவு சின்னது, இப்படி. வந்த பதில்களையும் தான் நேரில் பார்த்ததையும் சேர்த்து 1873-ல் ஒரு தடித்த அறிக்கையாகக் கொடுத்தார். அதில் அவர் புலம்பியிருக்கிற காட்சி நமக்குப் புதிதல்ல. புது மழைக்கு ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், கெண்டையும் கெளுத்தியும் சினை வயிற்றோடு தண்ணீரை எதிர்த்து ஏறும். வாய்க்காலிலும் வயல் மடையிலும் மூங்கில் பொறியை வைத்துவிட்டு ஊரே காத்திருக்கும். விழுப்புரம் பக்கத்து ஏரிக்கரைகளில் ஐப்பசி, கார்த்திகையில் இன்றைக்கும் இது திருவிழா. பையன்கள் வேட்டியை விரித்துப் பிடிப்பார்கள். மழை நின்ற சாயங்காலம் தெரு முழுக்க மீன் குழம்பு வாசனை. டே துரைக்கு அந்த வாசனை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அழிவு.

வலைக்குக் குறைந்தபட்சக் கண்ணி அளவு வை, ஓடையை முழுக்க மறித்துப் பொறி வைக்காதே, அணைகளில் மீன் ஏற வழி விடு. இதெல்லாம் அவர் சிபாரிசு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழையின் தட்டில் விழுகிற ஒரே கவிச்சி அந்தப் பொடி மீன்தான். அதில் கைவைக்கலாமா என்று அதிகாரிகளிலேயே பலர் தயங்கினார்கள். சட்டம் வந்தால் கீழ்மட்டச் சிப்பந்திகளுக்கு ஜனங்களைப் பிடுங்க இன்னொரு சாக்கு கிடைக்கும் என்கிற பயமும் இருந்தது. அந்தப் பயத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இழுத்து இழுத்து, 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. டே இறந்து அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது. வெடி வைக்காதே, விஷம் கலக்காதே என்பதுதான் அதில் பிரதானம். குறிப்பிட்ட நீர்நிலைகளில் இரண்டு வருஷம் வரைக்கும் மீன்பிடிப்பையே நிறுத்திவைக்கிற அதிகாரமும் மாகாண அரசுகளுக்குக் கிடைத்தது. கடலில் இந்தச் சட்டம் எதுவரை செல்லும்? கரையிலிருந்து ஒரு லீக். அதாவது மூன்று கடல் மைல். இந்த மூன்றை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

மூன்று மைலுக்கு அப்பால்? அங்கே யாருக்கும் கவலையில்லை. 1883-ல் லண்டனில் ஒரு மாபெரும் மீன்வளக் கண்காட்சி நடந்தது. இந்தியப் பகுதிக்குப் பொறுப்பாளர் நம் பிரான்சிஸ் டேதான். அந்தக் கண்காட்சியில்தான் தாமஸ் ஹக்ஸ்லி என்கிற மகா விஞ்ஞானி, பெருங்கடல் மீன்வளம் மனிதன் பிடித்துத் தீர்ந்துபோகக் கூடியதல்ல என்று பேசினார். ஏரியும் ஆறும் தீரும், கடல் தீராது என்கிற இந்த எண்ணம் அடுத்த நூறு வருஷம் உலகத்தை ஆட்டிவைத்தது. சென்னை ராஜதானியில் 1907-ல் மீன்வளத் துறைக்கு அஸ்திவாரம் போட்ட சர் பிரடெரிக் நிக்கல்சனும் (கூட்டுறவு வங்கிகளைப் பற்றி அறிக்கை எழுதிய அதே நிக்கல்சன்தான்) கடலில் இன்னும் அதிகமாக எப்படிப் பிடிப்பது என்றுதான் யோசித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கட்டுமரமும் பருத்தி வலையும் வைத்துக்கொண்டு கடலைக் காலி பண்ண முடியுமா என்ன?

காலி பண்ணக்கூடிய படகு பிறகு வந்தது. 1953-ல் நார்வேக்காரர்கள் கேரளத்தின் நீண்டகரைக்கு வந்து, ஏழை மீனவருக்கு இயந்திரப் படகு என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இறாலுக்குக் கிடைத்த விலை, கதையின் போக்கை மாற்றிவிட்டது. கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவை மடி. பின்னால் மானியம், பேங்க் லோன், கடல் பக்கமே எட்டிப் பார்க்காத முதலாளிகள். தமிழ்நாட்டுக் கரையிலும் இதே கதை. இறால் கிடைப்பது கரைக்குப் பக்கத்தில்தான். எனவே விசைப்படகுகள் கரையோரம் வந்தன. கட்டுமரக்காரரின் வலையை அறுத்துக்கொண்டு போயின. 1970-களில் சென்னையிலிருந்து தெற்கே பல ஊர்களில் கடலிலேயே அடிதடி. படகுகள் எரிந்தன, உயிர்கள் போயின. மத்திய அரசு 1976-ல் மஜும்தார் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. 1978-ல் நாட்டுப்படகு மீனவர்கள் தேசிய அளவில் ஓர் அமைப்பாகச் சேர்ந்தார்கள்.

இதன் விளைவாக வந்ததுதான் 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகு அதற்கு வெளியே. காலை 5 மணிக்கு முன்னால் கிளம்பக் கூடாது, ராத்திரி 9 மணிக்குள் திரும்ப வேண்டும். பார்த்தீர்களா, அதே மூன்று! அந்தக் கோடு பிரித்தது மனிதர்களை. சினை மீன் அப்போது யார் நினைப்பிலும் இல்லை.

கேரளத்தில் நாட்டுப்படகுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மழைக்காலத்தில் இழுவை மடியையே நிறுத்து, மீன் முட்டையிடுகிற நேரம் என்றார்கள். உண்ணாவிரதம், மறியல், கமிட்டிக்கு மேல் கமிட்டி. 1988-ல் தடை வந்தது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரைக்கு அது வந்து சேர 2001 ஆனது. ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள். 2017-ல் அதை 61 நாளாக்கினார்கள். மேற்குக் கரைக்கு வேறு தேதி, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளம் தன் கணக்குப்படி 52 நாளோடு நிறுத்திக்கொள்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது, ஏற்கெனவே ஊரடங்கில் படகுகள் சும்மா கிடந்தன என்று 61 நாளை 47 ஆகக் குறைத்து, ஜூன் 1-ம் தேதியே கடலைத் திறந்துவிட்டார்கள். மீனின் கர்ப்பகாலம் அந்த வருஷம் மட்டும் குறைந்துவிடவில்லை. தேதி என்பது பேசி முடிவு செய்கிற சமாசாரம், அவ்வளவுதான்.

அதற்காகத் தடையே வீண் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மாதம் கடலடி சுரண்டப்படாமல் கிடப்பது நல்லதுதான். படகுக்குப் பெயின்ட் அடிக்கவும், இன்ஜினைப் பிரித்துப் பார்க்கவும் அவகாசம் கிடைக்கிறது. ஆனால் செலவு யார் கணக்கில்? தடைக்கால நிவாரணத்தைக் குடும்பத்துக்கு 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023-ல் அரசு அறிவித்தது. 61-ஆல் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 131 ரூபாய்.

விழுப்புரம் மாவட்டக் கரை இதில் ஒரு விசித்திரமான கேஸ். கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையத்திலிருந்து கூனிமேடுகுப்பம், எக்கியார்குப்பம் தாண்டி மரக்காணம் வரை, எல்லாம் மணல் கரை. பெரிய விசைப்படகுகள் நிற்பது தெற்கே புதுச்சேரியிலும் கடலூரிலும். இங்கே பெரும்பாலும் பைபர் படகுதான். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் போய் பைபர் வந்துவிட்டது. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. அது நியாயமும்கூட, அன்றாடம் உலை கொதிப்பது அதை நம்பித்தானே. ஆனால் கொடுவா முட்டையிடுவது எங்கே? கழிமுகத்தை ஒட்டி. விசைப்படகு எட்டிப் பார்க்கவே கூடாத அந்த மூன்று மைலுக்குள். தடைக்காலத்தின் 61 நாளில் கொடுவாவுக்கு ஒரு நாள்கூட நேரடியாகச் சேரவில்லை.

வெளியூரில் எப்படிச் செய்கிறார்கள்? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கிழக்குக் கரையில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை பாரமுண்டியைத் தொடக் கூடாது. பெரிய படகோ, ஞாயிற்றுக்கிழமை தூண்டில்காரரோ, எல்லாருக்கும் ஒரே சட்டம். மற்ற மீனைப் பிடித்துக்கொள்ளலாம். மற்ற மாதங்களிலும் 58 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் விட்டுவிட வேண்டும். 120 சென்டிமீட்டருக்கு மேலே இருந்தாலும் விட்டுவிட வேண்டும். காரணம் உங்களுக்கே தெரியும், பெரிசெல்லாம் அம்மாக்கள். ஐரோப்பாவிலும் குளிர்காலத்தில் முட்டையிடக் கூட்டமாகக் கூடுகிற பாஸ் மீனை ஜோடி ஜோடியாக இழுவைப் படகுகள் வாரிக்கொண்டு போய், மீன் படுவேகமாகக் குறைந்தது. 2015 ஜனவரியில் அவசரத் தடை போட்டு, ஏப்ரல் கடைசி வரை அந்தப் படகுகளை நிறுத்தினார்கள். அதே வருஷம் பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச நீளத்தை 36-லிருந்து 42 சென்டிமீட்டராக ஏற்றினார்கள். நம் பக்கத்தில் கேரளம் அதே 2015-ல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் நிர்ணயித்தது. அது குஞ்சைக் காப்பாற்றும். அம்மாவை விட்டுவிடச் சொல்லும் சட்டத்தை நம் மார்க்கெட்டில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பத்து கிலோ கொடுவாவைத் திரும்பக் கடலில் விடுங்கள் என்று எந்த மீனவரிடம் போய்ச் சொல்வது? டீசல் காசை யார் கொடுப்பது?

விஞ்ஞானிகள் வேறு வழி பார்த்தார்கள். சென்னையில் இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-ல் கொடுவாவைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துவிட்டது. இப்போது குஞ்சு வாங்கிக் குளத்தில் வளர்க்கலாம். தடைக்காலத்தில் ஓட்டல் தட்டுக்கு வருகிற கொடுவா பண்ணைக் கொடுவாவாகவும் இருக்கலாம்.

கழுவெளிக் கொடுவாவுக்குத் தேவை அந்த முகத்துவாரம். ஓடையின் ஓரமெல்லாம் இறால் பண்ணைகள் வந்தாயிற்று. கடல்வாயின் தெற்கே விழுப்புரம் மாவட்டத்தில் அழகன்குப்பம், வடக்கே செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆலம்பரைகுப்பம், இரண்டு இடத்திலும் மீன்பிடித் துறைமுகம் கட்ட அரசு திட்டம் போட்டது. சுற்றுச்சூழல் அனுமதி எங்கே என்கிற கேள்வியோடு விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. துறைமுகம் என்றால் மீனவர்களுக்கு வலிக்குமா? மணல் கரையில் அலையைக் குத்திக்கொண்டு பைபர் படகைத் தள்ளுகிறவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும். படகு கவிழும், இன்ஜின் நனையும், கால் முறியும். கல்லைக் கொட்டி வாயைக் கட்டினால் படகுக்கு வசதி. ஏறுகிற தண்ணீரோடு உள்ளே வருகிற அரிசி மணி சைஸ் குஞ்சுக்கு அந்த வாய் எப்படி இருக்கும் என்பதையும் அதே தீர்ப்பாயத்தில்தான் யாராவது பேச வேண்டியிருக்கிறது.